பிரித்த குட்டிக்கு நாலாம் நாள் ஏன் கழிகிறது?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செங்குன்றத்தைத் தாண்டி, அப்பாவோடு சேர்ந்து 12 தாய்ப்பன்றி வைத்து வெண்பன்றி வளர்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "28ஆம் நாள் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கிறோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கழிச்சல் ஆரம்பித்துவிடுகிறது. ஈத்துக்கு 9 குட்டி என்றால் 2 போய்விடுகிறது. மீதி தேறி வர ஒரு மாதம் ஆகிறது. ஒருவர் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் தூள் போடு என்கிறார், இன்னொருவர் துத்தநாக ஆக்சைடு கல என்கிறார். வெளிநாட்டு ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? அவை நம் ஊருக்குப் பொருந்துமா? வெயில் காலத்தில் வளர்ந்த பன்றிகளும் தீவனம் எடுக்காமல் நிற்கின்றனவே, அதற்கு என்ன செய்வது?"

நான் மாதவரம் பால் காலனிப் பக்கம் இருப்பவன். கால்நடைத் தீவன ஆய்விலேயே முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. இந்தக் கழிச்சலைப் பற்றி என்னிடம் கேட்காத பன்றிக்காரர் இந்தப் பக்கம் குறைவு. எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் குட்டி நாலாம் நாள் கழிவதற்கான காரணம் முதல் நாளே நடந்து முடிந்துவிடுகிறது. பிரித்த அன்று அது சாப்பிடவில்லை. அந்த ஒரு நாள் பட்டினிதான் எல்லாவற்றுக்கும் வாசல். கிருமி அந்த வாசல் வழியாகப் பின்னால் வருகிறது.

சில வருடங்களுக்கு முன் மணலிப் பக்கம் ஒரு கொட்டகையில், எங்கள் கண்ணெதிரே இறந்த குட்டி ஒன்றை அங்கேயே அறுத்துப் பார்த்தோம். ஆறு கிலோ இருக்கும். பின்கால்கள் நனைந்து, தோல் சுருங்கி, கண் உள்ளே போயிருந்தது. வயிற்றைத் திறந்தால் இரைப்பை நிறையத் தீவனம், செரிக்காமல் கட்டி கட்டியாக. அதற்குக் கீழே சிறுகுடல் ஈரப் பாலிதீன் பை மாதிரி மெலிந்து, உள்ளே மஞ்சள் தண்ணீர். கொட்டகைக்காரர், "நல்லாத்தான் சார் சாப்பிட்டுச்சு, வயிறு ரொம்பிக் கிடக்கு பாருங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. முதல் ஒன்றரை நாள் எதையும் தொடாமல் இருந்த குட்டி, பசி தாங்காமல் ஒரேயடியாக அள்ளித் தின்றிருக்கிறது. தின்றதைச் செரிக்க அதன் குடல் தயாராக இல்லை. குடலில் ஒரு சிறு துண்டை வெட்டி அலசி, உருப்பெருக்கிக் கருவியின் கீழ் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தோம். ஆரோக்கியமான குட்டியின் குடலில் உறிஞ்சிகள், அதாவது குடலின் உட்சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய முனைகள், நெல் நாற்று மாதிரி நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். இதில் அறுவடை முடிந்த வயல் போல அடிக்கட்டைகள்தான் இருந்தன.

அந்த உறிஞ்சிகள்தான் இங்கே கதாநாயகர்கள். அவற்றின் நுனியில்தான் பாலையும் மாவையும் உடைக்கும் நொதிகள் இருக்கின்றன, சத்தை ரத்தத்துக்குள் இழுக்கும் வேலையும் அங்கேதான் நடக்கிறது. அந்தச் செல்களின் ஆயுள் சில நாள்தான். அடியிலிருந்து புதிதாகப் பிறந்து மேலே ஏறி, நுனியில் உதிர்ந்துகொண்டே இருக்கும். குடலுக்குள் உணவு வந்துகொண்டே இருப்பதுதான் இந்தச் சக்கரத்தைச் சுற்றவைக்கிறது. குடல் தனக்கு வேண்டிய சத்தில் பெரும்பங்கை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, தன் வழியே போகும் உணவிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறது. உணவு நின்றால் உதிர்வது தொடரும், புதுச் செல் பிறப்பது தளரும்.

இனி குட்டியின் பக்கம் நின்று பாருங்கள். தாயோடு இருக்கும்போது கிட்டத்தட்ட மணிக்கு ஒரு தரம் பால். தாய் ஒரு தாளத்தில் உறுமும், குட்டிகள் எல்லாம் தத்தம் காம்பில் போய் ஒட்டும், பால் இறங்குவது இருபது விநாடி அளவுதான், முடிந்துவிடும். ஒரு நாளில் இருபது தடவைக்கு மேல் இப்படி. அந்த வயதுக் குட்டிக்குச் சாப்பாடு என்பது அம்மா கூப்பிடும்போது கிடைக்கும் வெதுவெதுப்பான திரவம். 28ஆம் நாள் காலையில் அதைத் தூக்கி வேறு அறையில் விடுகிறோம். அங்கே அம்மா இல்லை, கூப்பிடும் குரல் இல்லை, முன்பின் தெரியாத குட்டிகள் கடிக்கின்றன, மூலையில் ஒரு தொட்டியில் காய்ந்த தூள் கிடக்கிறது. அது உணவு என்று அதற்கு யார் சொன்னார்கள்?

டேவிட் ஹாம்ப்சன் என்ற ஆய்வாளர் 1986இல் இதை அளந்து எழுதினார். பிரித்த 24 மணி நேரத்துக்குள் உறிஞ்சிகளின் உயரம் ஏறத்தாழ கால்பங்கு குறைந்துவிட்டது. ஒரே நாளில்! இது தாயைப் பிரிந்த அதிர்ச்சியாலா, தீவனம் மாறியதாலா, வெறும் பட்டினியாலா என்ற விவாதம் கொஞ்ச காலம் ஓடியது. அதற்கு அழகான விடை 1996இல் வந்தது. ஜான் பிளஸ்கியும் கூட்டாளிகளும், பிரித்த குட்டிகளுக்கு இரண்டு மணிக்கு ஒரு தரம் பசும்பால் கொடுத்துப் பார்த்தார்கள். தாயும் இல்லை, இடமும் புதுசு. ஆனாலும் உறிஞ்சிகள் குறையவில்லை, உயரம் அப்படியே நின்றது. உணவு அறாமல் போய்க்கொண்டிருந்ததால் குடல் தன் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டது. பன்றி ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. பெரிய கருவி எதுவும் இல்லாமல், கேள்வியைச் சரியாகக் கேட்டதாலேயே விடை கிடைத்தது.

நெதர்லாந்தில் ஒவ்வொரு குட்டியின் காதிலும் அடையாளச் சில்லு மாட்டி, எந்தக் குட்டி எப்போது முதல் வாய் தின்கிறது என்று கணினியில் பதிந்து பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிக் குட்டிகள் முதல் 24 மணி நேரத்துக்குள் தின்ன ஆரம்பித்தன. பத்தில் ஒன்று இரண்டு நாள் கடந்தும் வாய் வைக்கவில்லை. உங்கள் 9இல் 2 எந்தக் கூட்டத்திலிருந்து போகின்றன என்று நினைக்கிறீர்கள்? தாயோடு இருக்கும்போதே கிரீப் தீவனத்தை (பால்குடிக் குட்டிகளுக்கென்று தனியாக வைக்கும் தீவனம்) கொறித்துப் பழகிய குட்டிகள் சீக்கிரம் தின்னத் தொடங்கின என்றும் அங்கே தெரிந்தது.

எனவே நான் உங்களிடம் முதலில் கேட்பது மருந்துச் செலவை அல்ல, பிரித்த பிறகு முதல் மூன்று நாள் உங்கள் வீட்டில் ஒருவரின் நேரத்தை. செங்குன்றம் அரிசி ஆலைகள் உங்களுக்குப் பக்கம். நொய் வாங்கிக் குழையக் கஞ்சி வையுங்கள். குட்டித் தீவனத்தை அதில் கரைத்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, வெதுவெதுப்பாக, தாழ்வான அகலத் தட்டில் ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணியில் காலியாகும் அளவுக்கு மட்டும். மீந்தால் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவுங்கள், புளித்த கஞ்சியை மறுபடி வைக்காதீர்கள். தட்டு நீளமாக இருக்கட்டும், எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் வாய் வைக்க வேண்டும். தாயிடம் அவை அப்படித்தான் பழகியிருக்கின்றன. ஒன்று தின்பதைப் பார்த்தால் இன்னொன்று வரும். வராத குட்டியைத் தூக்கி, விரலில் கஞ்சியைத் தொட்டு அதன் வாயில் தடவுங்கள். இரண்டு தடவை செய்தால் மூன்றாவது தடவை அதுவே தட்டைத் தேடும். சாயங்காலம் ஒவ்வொரு குட்டியின் விலாவுக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் அது சாப்பிடவில்லை. அதன் முதுகில் ஒரு சாயக்கோடு போட்டு வையுங்கள், ராத்திரி அதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

நொய்க் கஞ்சியை நான் ஏழை வைத்தியமாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் அதே பிளஸ்கி, ஹாம்ப்சன் குழுவினர் வேக வைத்த வெள்ளை அரிசியைக் கொடுத்துப் பல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். அரிசி மாவு சிறுகுடலிலேயே கிட்டத்தட்ட முழுதாகச் செரித்துவிடுகிறது, கிருமிகள் புளிக்கவைத்துப் பெருகுவதற்குப் பெருங்குடலில் மிச்சம் விழுவதில்லை. அவர்களுடைய ஆய்வுகளில் ரத்தக் கழிச்சலும் பிரிப்புக்குப் பிந்தைய கழிச்சலும் குறைந்தன. பிறகு வேறு நாடுகளில் செய்தபோது எல்லா இடத்திலும் அதே அளவு பலன் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் அரிசியை ஒரு மந்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தின்னப் பழகாத வாய்க்கு எளிதாக உள்ளே போகிறது, மெலிந்த குடலில் எளிதாகச் செரிக்கிறது, உங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது. இந்த மூன்றுமே போதுமான காரணங்கள்.

அப்புறம் தீவனத்தில் உள்ள புரதம். நம் ஆட்கள் இங்கேதான் நல்லெண்ணத்தில் தவறு செய்கிறார்கள். குட்டி வேகமாக வளரட்டும் என்று சோயாப் புண்ணாக்கையும் கருவாட்டுத் தூளையும் அள்ளிப் போடுகிறார்கள். பால்குடி மறந்த குட்டியின் இரைப்பையில் அமிலம் போதுமான அளவு சுரப்பதில்லை. தாய்ப்பால் குடித்தவரை பாலின் சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறி அந்தக் குறையை ஈடுகட்டியது. இப்போது அதுவும் இல்லை. அமிலம் குறைந்தால் புரதம் சரியாக உடையாது, உள்ளே வரும் கிருமியும் சாகாது. உடையாத புரதம் கீழே இறங்கிக் கழிச்சல் கிருமிக்கே விருந்தாகிறது. அதனால்தான் ஐரோப்பாவில் இப்போது முதல் இரண்டு வாரத் தீவனத்தில் புரதத்தை 18 சதவீத அளவுக்கு இறக்கி, குறைகிற லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோஃபான் ஆகிய அமினோ அமிலங்களை (புரதத்தின் கட்டுமானத் துண்டுகள்) தனியாகச் சேர்க்கிறார்கள். வளரும் பன்றிக்கு முதலில் தட்டுப்படுவது லைசின்தான். அதைக் கவனிக்காமல் புரதத்தை மட்டும் குறைத்தால் குட்டி கழியாது, ஆனால் வளரவும் வளராது.

கடலைப் புண்ணாக்கில் லைசின் குறைவு. நம் ஊர் ஈரக் காற்றில் அது பூஞ்சையும் பிடிக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் செத்து, அதிலிருந்துதான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே உலகுக்குத் தெரிந்தது. அதற்குக் காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. குட்டித் தீவனத்தில் அதைச் சேர்க்கவே வேண்டாம். இன்னொன்று, தாது உப்புக்காகக் கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புத் தூளோ அதிகம் கலந்தால் இருக்கிற கொஞ்ச அமிலத்தையும் அது முறித்துவிடும். முதல் இரண்டு வாரம் சுண்ணாம்புச் சத்தை மட்டாக வையுங்கள்.

சரி, கிருமிக்கு வருவோம். பெரும்பாலும் இது ஈ.கோலை. வெளியிலிருந்து புதிதாகப் படையெடுத்து வருவதில்லை, தாயின் சாணத்திலும் தரையிலும் எப்போதும் இருப்பது. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் அதைக் குடல் சுவரில் ஒட்டவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தன. பால் நின்ற அன்றே அந்தக் காவல் போய்விட்டது. கிருமியின் உடம்பில் மெல்லிய இழைகள் உண்டு. எஃப்4, எஃப்18 என்று பெயர். அவற்றால் உறிஞ்சிகளைப் பற்றிக்கொண்டு நஞ்சைச் சுரக்கிறது. குடல் செல்கள் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே கொட்டுகின்றன. சுவையான விஷயம், ஒரே ஈத்தில் சில குட்டிகளுக்கு எஃப்4 ஒட்டுவதற்கான பிடிமானமே குடலில் இருப்பதில்லை. அது பிறப்பிலேயே வருகிறது. 1970களிலேயே இங்கிலாந்தில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே தட்டு, ஒரே தரை, ஒன்று கழிந்து சாக இன்னொன்று துள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தத் தாயின், எந்தக் கிடாவின் குட்டிகள் திரும்பத் திரும்பக் கழிகின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருடத்தில் அந்த நோட்டு உங்களுக்கு நிறையச் சொல்லும்.

கழிகிற குட்டி சாவது பெரும்பாலும் தண்ணீர் வற்றித்தான். மனிதருக்குக் காலராவில் நடப்பதும் இதேதான், வைத்தியமும் அதேதான். உப்பும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால், நஞ்சால் பாதிக்கப்பட்ட குடலும் அவற்றை உறிஞ்சும், கூடவே தண்ணீரும் போகும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலைக் கொடுத்துத்தான் காலரா சாவை வெகுவாகக் குறைத்தார். கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரிலேயே கரைத்து, தாழ்ந்த பாத்திரத்தில் எப்போதும் வையுங்கள். கழிகிறதே என்று தண்ணீரை நிறுத்துகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், அதுதான் குட்டியைக் கொல்கிறது. எழுந்து நிற்காத குட்டிக்குக் கால்நடை மருத்துவர் வந்தாக வேண்டும்.

கொலிஸ்டின் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவமனையில் கடைசியாக எடுக்கும் ஆயுதம் அது. 2015இல் சீனாவில், பன்றிப் பண்ணையிலிருந்து எடுத்த ஈ.கோலையில் கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்றைக் கண்டார்கள், எம்சிஆர்-1 என்று பெயர் வைத்தார்கள். ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவும் டிஎன்ஏ வளையத்தில் அது உட்கார்ந்திருந்தது. பண்ணையில் தோன்றியது பண்ணையோடு நிற்காது என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் 2019இலேயே இந்திய அரசு தடை செய்துவிட்டது. இன்றும் அதை ஒருவர் உங்களிடம் நீட்டினால், அது சட்டத்துக்கும் விரோதம். கொட்டகைத் தண்ணீர் கால்வாயில் சேர்ந்து ஊருக்குள் வருகிறது. அந்த ஊரில்தான் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

துத்தநாக ஆக்சைடு கொஞ்சம் சிக்கலான கதை. ஒரு கிலோ தீவனத்துக்கு 2500 மில்லிகிராம் துத்தநாகம் வரும்படி இரண்டு வாரம் கலந்தால் கழிச்சல் நன்றாகவே குறைகிறது. டென்மார்க்கில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அதில் பெரும்பங்கு செரிக்காமல் சாணத்தில் வந்துவிடும். அந்தச் சாணத்தை வருடக்கணக்கில் போட்ட நிலத்தில் துத்தநாகம் சேர்ந்துகொண்டே போகிறது. உலோகத்தைத் தாங்கப் பழகும் கிருமிகள் கூடவே மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களையும் சுமப்பது தெரியவந்தது. 2022 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்தளவுப் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2006இல், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை அங்கே முழுதாக நிறுத்தியிருந்தார்கள். சுவீடன் 1986லேயே நிறுத்தியது. உங்கள் சாணம் அக்கம்பக்கக் கீரைத் தோட்டத்துக்குப் போகிறதென்றால், இந்த வழியில் இறங்காமல் இருப்பதே நல்லது என்பேன். உடம்புக்குத் தேவையான சிறு அளவு துத்தநாகம் தாது உப்புக் கலவையிலேயே கிடைத்துவிடும்.

வெளிநாட்டு ஆராய்ச்சியில் நமக்கு அப்படியே பொருந்தாத ஒன்று உண்டென்றால் அது அந்த 28 நாள். காட்டிலோ திறந்த வெளியிலோ விட்டால் குட்டிகள் பால் மறக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். 28 நாள் என்பது சூடேற்றிய அறை, பால்பவுடர் கலந்த தீவனம், தானியங்கித் தொட்டி எல்லாம் உள்ளவர்களின் கணக்கு. அவர்கள் அவசரப்படக் காரணம், பிரித்த ஒரு வாரத்துக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வரும் என்பது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சினை 114 நாள், பால் 28 நாள், பருவத்துக்கு 7 நாள், மொத்தம் 149. வருடத்துக்கு 2.4 ஈத்து. பால் 42 நாள் என்றால் மொத்தம் 163, வருடத்துக்கு 2.2 ஈத்து. வித்தியாசம், தாய்க்கு வருடம் சுமார் 2 குட்டி. இப்போது நீங்கள் ஈத்துக்கு 2 இழக்கிறீர்கள், அதாவது தாய்க்கு வருடம் கிட்டத்தட்ட 5. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 42ஆம் நாள்தான் பிரிப்பேன். அதுவும் நாளைப் பார்த்து மட்டும் அல்ல, எட்டு கிலோவை எட்டாத குட்டியை இன்னொரு வாரம் தாயிடமே விடுவேன். பால் கொடுக்கும் அந்த இரண்டு வாரம் தாய்க்குத் தீவனத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் அது எலும்பும் தோலுமாகி, அடுத்த பருவம் தள்ளிப்போகும்.

பிரிப்பதற்கு முந்தைய நாட்களிலும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று சீம்பால். பன்றியின் நச்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குப் போவதே இல்லை. அது வெறுங்கையோடு பிறக்கிறது. பிறந்த முதல் நாளுக்குள் 200 முதல் 250 கிராம் சீம்பால் உள்ளே போனால்தான் தப்பும். அதற்கப்புறம் குடல் அந்தப் பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது. கடைசியாகப் பிறந்த, நடுங்கும் குட்டிகளை ஈன்ற அன்றே காம்பில் பிடித்து வையுங்கள். பெரிய குட்டிகள் குடித்து முடித்ததும் அவற்றை ஒரு மணி நேரம் கூடையில் போட்டால் சின்னவற்றுக்கு இடம் கிடைக்கும்.

இரண்டாவது இரும்புச் சத்து. குட்டி பிறக்கும்போது உடம்பில் உள்ள இரும்பு சுமார் 50 மில்லிகிராம். தினம் வேண்டியது 7 முதல் 10, பாலில் வருவது 1. உங்கள் தாத்தா காலத்தில் இந்த ஊசி தேவைப்படவில்லை, குட்டிகள் மண்ணைக் கிளறித் தின்று இரும்பைத் தேடிக்கொண்டன. சிமென்ட் தரை போட்ட நாளிலிருந்து மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி கட்டாயம். வெளுத்த காதும், கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும் குட்டியும் இந்தக் குறையைக் காட்டும். அப்படிப்பட்ட குட்டிதான் பிரித்ததும் முதலில் படுக்கும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் குட்டிக்குக் குளிருமா என்று கேட்பார்கள். குளிரும். பிறந்த குழந்தைக்கும் எலிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு உண்டு, பன்றிக்கு இல்லை. அந்தச் சூட்டை உண்டாக்கும் யுசிபி1 மரபணு சுமார் 2 கோடி வருடங்களுக்கு முன்பே பன்றி வம்சத்தில் பழுதாகிவிட்டது என்று 2006இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் அது நடுங்கித்தான் சூடாக வேண்டும். பிறந்த குட்டிக்கு 34 டிகிரி, பிரித்த குட்டிக்கு 27 டிகிரி அளவு வேண்டும். சாப்பிடாத குட்டிக்கு இன்னும் கூட. மார்கழி ராத்திரியில் உங்கள் பக்கம் 20, 21க்கு இறங்கும், தரை ஈரமாக இருந்தால் குட்டிக்கு அது பனிக்கட்டி. வெப்பமானி தேவையில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் டார்ச்சோடு சத்தமில்லாமல் போய்ப் பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது. பக்கத்தில் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தால் சரி. தள்ளித் தள்ளிச் சுவரோரம் கிடந்தால் சூடு அதிகம். உமி பரப்பிய ஒரு பலகையும், சாக்குத் தொங்கவிட்ட ஒரு மூலையும், ஒரு பல்பும் போதும்.

வளர்ந்த பன்றிக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஐம்பது கிலோ தாண்டியதற்கு 20 டிகிரியை ஒட்டிய சூடுதான் சுகம். 25ஐத் தாண்டியதுமே தீவனத்தைக் குறைக்கத் தொடங்கும், ஏனென்றால் தின்பதும் செரிப்பதும் உள்ளே சூடு உண்டாக்கும். அதற்கு நம்மைப் போல வியர்க்காது. மே மாதம் எண்ணூர், மணலிப் பக்கம் 40 டிகிரியும் கடல் ஈரமும் சேர்ந்தால் மூச்சிரைப்பால் ஆறுவதும் கடினம். நிழலில் படுத்திருக்கும் பன்றியின் விலா ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் நிம்மதி, 50ஐத் தாண்டினால் அது திணறுகிறது.

பன்றி சேற்றில் புரள்வதை அசிங்கம் என்கிறோம். 1965இல் இங்கிராம் என்ற ஆய்வாளர் இதை அளந்தார். வெறும் தண்ணீரில் நனைந்த தோலிலிருந்து ஆவியாகிக் குளிர்வது கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், சேறு பூசிய தோலில் அது இரண்டு மணி நேரம் நீடிக்கும். அந்த விலங்கு தன் உடம்பை நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. சேற்றுக்குழி வைக்க முடியாவிட்டால், மதியம் அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு நிமிடம் தண்ணீர் தெளித்து விசிறியைப் போடுங்கள். காற்றில்லாமல் தெளித்துக்கொண்டே இருந்தால் கொட்டகையில் புழுக்கம்தான் கூடும். தீவனத்தை விடிகாலையிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் கொடுங்கள். வெயில் குடலையும் தாக்குகிறது. 35 டிகிரியில் ஒரே ஒரு நாள் வைத்த பன்றிகளின் குடல் சுவர் தளர்ந்து கசியத் தொடங்கியதை அமெரிக்காவில் அயோவா ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ரத்தம் தோலை நோக்கி ஓடும்போது குடலுக்குப் போவது குறைகிறது, அதோடு பட்டினியும் சேர்கிறது. பிரித்த குட்டிக்கு நடந்ததுதான் இங்கும் நடக்கிறது. புரதத்தை அளவாக வைத்தால் செரிமானச் சூடும் குறையும்.

ஓட்டல் கழிவு போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், இந்தப் பக்கம் அது இல்லாமல் கட்டுப்படியாகாது. ஊறுகாய், சாம்பார், கருவாடு எல்லாம் சேர்ந்த கழிவில் உப்பு அதிகம். கோடையில் தண்ணீர் லாரி ஒரு நாள் வராவிட்டால் போதும், பன்றி நாய் மாதிரி உட்கார்ந்து, தலையை மேலே தூக்கிப் பின்னுக்குத் தள்ளி, வலிப்பு வந்து விழும். பலர் அதை வெறி என்று நினைக்கிறார்கள், அது உப்பு நஞ்சு. அப்போது பதறி வயிறு முட்டத் தண்ணீர் காட்டினால் மூளை வீங்கிச் செத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும்.

கழிவைக் கொதிக்க வைக்காமல் ஒரு கரண்டிகூடப் போடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2018இல் சீனாவுக்கும், 2020இல் அசாம், அருணாசலத்துக்கும், 2022இல் வயநாட்டுக்கும் வந்துவிட்டது. மனிதரைத் தொற்றாது. ஆனால் கொட்டகையில் நுழைந்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது, மருந்தும் இல்லை. வேகாத பன்றி இறைச்சித் துண்டில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எச்சில் இலையோடு அந்தத் துண்டு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெரிய அண்டாவில், கிளறிக்கொண்டே, கொதி வந்த பிறகு முழுதாக அரை மணி நேரம். கழிவு வரும் வாளி ஒருபோதும் கொட்டகைக்குள் போகக் கூடாது, வேக வைத்ததை எடுக்க வேறு வாளி. பிரித்து இரண்டு மாதம் ஆகாத குட்டிக்குக் கழிவே வேண்டாம்.

புதிதாகத் தாய்ப்பன்றி வாங்கும் எண்ணம் இருந்தால் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கேபிஎம் கோல்ட் ரகத்தையும் விசாரித்துப் பாருங்கள். முக்கால் பங்கு யார்க்ஷயர் என்ற சீமை வெண்பன்றி, கால் பங்கு நாட்டுப் பன்றி. நம் வெயிலையும் நம் தீவனத்தையும் மனத்தில் வைத்துச் செய்தது.

அடுத்த ஈத்தில் ஒரு காரியம் செய்யுங்கள் தம்பி. பிரிக்கும் அன்று காலை ஒவ்வொரு குட்டியையும் எடை போட்டு எழுதுங்கள். மூன்றாம் நாள் காலை மறுபடி எடை போடுங்கள். எடை குறைந்த குட்டிகள் எவை, அவற்றில் கழிந்தவை எவை என்று பக்கத்திலேயே குறித்து அனுப்புங்கள். தீவனக் கலவையின் அளவுகளையும் சேர்த்து அனுப்பினால் அதையும் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.